டிவிடி ரெக்கார்டருக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே எந்தக் கேபிள்? வாங்கிச் சோதித்துப் பார்த்ததன் மதிப்பீடு

எங்கள் வீட்டில் 2007-ஆம் ஆண்டு வாங்கிய டிவிடி ரெக்கார்டர் ஒன்று இன்றும் பழுதின்றி இயங்குகிறது. 1989-இல் நடந்த அக்காவின் திருமணம் தொடங்கி, குழந்தைகளின் பெயர்சூட்டு விழாக்கள், தாத்தாவின் சதாபிஷேகம் என்று 23 விஎச்எஸ் நாடாக்கள் அலமாரியில் கிடக்கின்றன. பூஞ்சை பிடித்து அவை அழிந்துபோவதற்குள் வட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கருவியைப் பாதுகாத்து வைத்திருக்கிறேன். கூடத்தில் இருந்த பழைய தொலைக்காட்சிக்குப் பதிலாக அண்மையில் 43 அங்குல எல்இடி தொலைக்காட்சி வந்தபோது, ரெக்கார்டரோடு அன்று கொடுத்த மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிளைச் செருகுவதற்கு அதில் இடமே இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று விசாரித்தபோது ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு கேபிள்களை வாங்கி வந்து, இரண்டு வார காலம் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தேன். அதில் கண்டதையே இங்கே எழுதுகிறேன்.

சோதனைக்கு இரண்டு தொலைக்காட்சிகளைப் பயன்படுத்தினேன். ஒன்று, அம்மாவின் அறையில் இருக்கும் 29 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சி. அதில் கம்போசிட், எஸ்-வீடியோ, காம்போனென்ட் ஆகிய மூன்று வகை இணைப்புகளும் உள்ளன. மற்றொன்று கூடத்தில் உள்ள புதியது. அதில் எச்டிஎம்ஐ இணைப்புகளும், ஏவி என்று எழுதப்பட்ட 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றும் மட்டுமே உள்ளன. ஒவ்வொரு கேபிளிலும் மூன்று வட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன்: கடையில் வாங்கிய திரைப்பட வட்டு, செட்-டாப் பாக்ஸிலிருந்து பதிவு செய்த கச்சேரி, நாடாவிலிருந்து மாற்றிய அக்காவின் திருமணம்.

முதலில் எல்லோர் வீட்டிலும் இருக்கும் மஞ்சள் நிறக் கம்போசிட் கேபிள். படத்தின் வெளிச்சத் தகவலும் வண்ணத் தகவலும் இதில் ஒரே கம்பியில் கலந்து செல்கின்றன. நம் நாட்டில் வழங்கும் பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில், வண்ணத்தைச் சுமக்கும் அலை ஏறக்குறைய 4.43 மெகாஹெர்ட்ஸில் அமைந்திருக்கிறது; படத்தின் நுண்ணிய விவரங்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. கலந்து வந்த இரண்டையும் தொலைக்காட்சி மறுபடியும் பிரித்தெடுக்க வேண்டும், அந்தப் பிரிப்பு ஒருபோதும் முழுமையாக அமைவதில்லை. நெருக்கமான கோடு போட்ட சட்டையை ஒருவர் அணிந்து வந்தால் அந்தத் துணியில் இல்லாத நீலமும் ஆரஞ்சும் அலைபாய்வதும், அழுத்தமான சிவப்பும் பச்சையும் சந்திக்கும் விளிம்பில் சிறு புள்ளிகள் ஊர்ந்து செல்வதும் இதனால்தான். திரைப்பட வட்டில் இவை இரண்டையும் நான் தெளிவாகவே கண்டேன். கச்சேரிப் பதிவில் பாடகியின் கட்டம் போட்ட புடவை, கேமரா சற்று விலகும்போதெல்லாம் வானவில்போல் மினுங்கியது.

ரெக்கார்டரோடு வந்த மெலிந்த கேபிளையும், 650 ரூபாய்க்கு வாங்கிய தங்கமுலாம் பூசிய தடித்த கேபிளையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றரை மீட்டர் நீளம். நான் எவ்வளவு கூர்ந்து பார்த்தும் படத்தில் வேறுபாடு தெரியவில்லை. மினுங்கிய புடவை இரண்டிலும் ஒரே அளவில் மினுங்கியது. குறை, கம்பியின் தரத்தில் இல்லை. வெளிச்சத்தையும் வண்ணத்தையும் கலந்து அனுப்பும் முறையிலேயே இருக்கிறது என்பதால், அதே வகையில் விலை உயர்ந்ததை வாங்குவதில் பயனில்லை. ஆனால் நீளம் கூடும்போது கதை மாறுகிறது. ஒலிக்கென்று விற்கப்படும் பத்து மீட்டர் கம்பி ஒன்றை மின்கம்பிகளோடு சேர்த்துச் சுவரோரமாக இழுத்தபோது படத்தில் சாய்வான மெல்லிய கோடுகள் ஓடின. அதே தூரத்துக்கு, 75 ஓம் கோஆக்சியல் கம்பியில் இரு முனையிலும் ஆர்சிஏ பின் (மஞ்சள் கேபிளின் முனையில் இருக்கும் அதே வகைப் பின்) பொருத்தித் தரச் சொல்லி மாட்டினேன், கோடுகள் மறைந்தன. நீண்ட தூரத்துக்கு வாங்குவோர் கேட்க வேண்டியவை இரண்டு: 75 ஓம் கம்பியா என்பதும், உள்ளே தகடும் பின்னலும் சேர்ந்த உறை இருக்கிறதா என்பதும். தங்கமுலாமுக்கு ஒரு பயன் உண்டு, அது துருப்பிடிக்காது. கடற்காற்று படும் வீடுகளில் சாதாரணப் பின்கள் ஓரிரு ஆண்டுகளில் மங்கிப்போய்ப் படம் விட்டுவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். படத்தை அழகாக்குவது அதன் வேலையன்று.

அடுத்தது எஸ்-வீடியோ. நான்கு மெல்லிய ஊசிகள் கொண்ட இந்த உருண்டையான பின், வெளிச்சத்தையும் வண்ணத்தையும் தனித்தனிக் கம்பிகளில் கொண்டு செல்கிறது. மாற்றம் உடனே தெரிந்தது. ஊர்ந்த புள்ளிகள் மறைந்தன. புடவையின் கட்டங்கள் கட்டங்களாகவே நின்றன. 180 ரூபாய்க் கேபிள் ஒன்று 650 ரூபாய்க் கேபிளைவிட இவ்வளவு நல்ல படத்தைத் தந்தது எனக்கு மிகுந்த மனநிறைவை அளித்தது. ஆயினும் இதில் இரண்டு சங்கடங்கள் உள்ளன. ஊசிகள் எளிதில் வளைந்துவிடும். தொலைக்காட்சியின் பின்புறம் கையை விட்டுத் தடவிச் செருகக் கூடாது, கண்ணால் பார்த்தே செருக வேண்டும். செருகிய பிறகு படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் கேபிளைக் குறை சொல்வதற்கு முன், தொலைக்காட்சியின் மெனுவில் எஸ்-வீடியோ தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய தொலைக்காட்சிகளில் இந்த இணைப்பு அநேகமாக மறைந்தேவிட்டது. எஸ்-வீடியோவை மஞ்சள் பின்னாக மாற்றும் சிறு இணைப்பான் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். பிரித்து வந்த இரண்டையும் அது மறுபடி ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்பதால் அதை நான் வாங்கவில்லை.

படக்குழாய்த் தொலைக்காட்சிக்கு மிகச் சிறந்தது காம்போனென்ட் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்று பின்கள். பச்சையில் வெளிச்சமும், மற்ற இரண்டில் வண்ண வேறுபாட்டுத் தகவல்களும் செல்கின்றன. டிவிடி வட்டிலேயே படம் இப்படி மூன்றாகப் பிரித்துத்தான் பதிவாகியிருக்கிறது. ஆகவே கலத்தல், பிரித்தல் என்ற இரண்டு வேலைகளும் இங்கே இல்லாமல் போகின்றன. திரைப்பட வட்டில் சிவப்பு நிறம் விளிம்பைத் தாண்டி வழியாமல் நின்றது. எஸ்-வீடியோவில்கூடச் சற்றே கசிந்த குங்கும நிறம் இதில் வட்டமாக, அளவாக இருந்தது. 350 ரூபாய் கொடுத்து வாங்கிய மூவண்ணக் கேபிளோடு ஒப்பிடுவதற்காக, வீட்டில் கிடந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிளையே மூன்று துளைகளிலும் வரிசை மாறாமல் செருகிப் பார்த்தேன். படம் வந்தது, ஒன்றரை மீட்டர் தூரத்தில் குறையேதும் என் கண்ணுக்குப் படவில்லை. பின்களின் நிறம் அடையாளத்துக்கு மட்டுமே என்பது இதிலிருந்து விளங்கும். அவசரத்துக்கு அது போதும். நிலையாக மாட்டி வைப்பதற்கு, மூன்றும் ஒரே நீளமுள்ள 75 ஓம் கேபிளையே நான் பரிந்துரைப்பேன். காம்போனென்டில் ஒலி வராது. அதற்குச் சிவப்பு வெள்ளை ஒலிக் கம்பி தனியே வேண்டும். அப்போது இரண்டு சிவப்புப் பின்கள் சேர்ந்துவிடுவதால், மாற்றிச் செருகிவிட்டுக் குழம்புவது எளிது. ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

இந்த வகையில் கவனிக்க வேண்டிய ஆபத்து, ரெக்கார்டரின் மெனுவில் இருக்கும் புரோகிரசிவ் என்ற தேர்வு. ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாறி மாறி அனுப்புவதற்குப் பதிலாக 576 வரிகளையும் ஒருசேர அனுப்புவது அந்த முறை. அதை ஏற்கும் தொலைக்காட்சியில் படம் நிலையாக நிற்கும். ஏற்காத பழைய தொலைக்காட்சியில் திரை உருண்டோடும் அல்லது இருண்டுவிடும். என் வீட்டில் இருண்டுவிட்டது. மெனுவே தெரியாதபோது அந்தத் தேர்வை எப்படி நீக்குவது? மஞ்சள் கேபிளை மறுபடியும் செருகி, அதன் வழியாக மெனுவைப் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். காம்போனென்டுக்கு மாறியவர்களும் ஒரு மஞ்சள் கேபிளைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பது நல்லது.

எச்டிஎம்ஐ பற்றித்தான் கடைகளில் அதிகம் பேசினார்கள், அதிக விலையும் சொன்னார்கள். 250 ரூபாய்க்கு ஒன்றும், 2,400 ரூபாய்க்கு ஒன்றும் வாங்கி வந்தேன். எச்டிஎம்ஐயின் முதல் விதிமுறை 2002 டிசம்பரில் வெளியானது. படத்தையும் ஒலியையும் எண்களாகவே ஒரே கம்பியில் அனுப்புவது அதன் அடிப்படை. எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் அப்படியே வரும்; சேராவிட்டால் திரையில் வெள்ளைப் பொறிகள் தெறிக்கும், படம் அற்றுப்போகும். ஓரளவு நிறம் கூடியது, சற்றே மென்மையானது என்ற இடைப்பட்ட நிலை இதில் கிடையாது. மேலும், டிவிடியின் 576 வரிப் படம் எச்டிஎம்ஐக்கு மிகச் சிறிய சுமை: 27 மெகாஹெர்ட்ஸ் கடிகார வேகம் போதும். 1080 வரிகளை ஒருசேர அனுப்ப வேண்டுமானால் 148.5 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படும். ஆகவே நான் எதிர்பார்த்தபடியே இரண்டு கேபிள்களிலும் படம் அச்சாக ஒன்றாகவே இருந்தது. 2,400 ரூபாய்க் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிவிடி ரெக்கார்டருக்காக அவ்வளவு விலையில் எச்டிஎம்ஐ கேபிள் வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கேபிள் குறைபாடு எப்படிக் காட்சியளிக்கும் என்பதையும் ஒரு தற்செயலால் காண நேர்ந்தது. ஒரு கடையில் வாங்கிய ஐந்து மீட்டர் தட்டைக் கேபிளில், ரெக்கார்டரை 1080 என்ற நிலையில் வைத்தபோது பொறிகள் தெறித்தன. 576 நிலைக்கு இறக்கியவுடன் படம் குற்றமின்றி வந்தது. வேகம் கூடும்போது மட்டும் தடுமாறிய கேபிள் அது. கடைக்காரர் மறுபேச்சின்றி வேறொன்று மாற்றிக் கொடுத்தார், அது இரண்டு நிலையிலும் சரியாக இயங்கியது. நீண்ட எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவோர், மாற்றித் தரும் கடையாகப் பார்த்து வாங்கி, உச்ச நிலையில் வைத்து ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எச்டிஎம்ஐயில் படத்தின் தரத்தை உண்மையில் மாற்றியவை மெனுவில் இருந்த தேர்வுகளே. ரெக்கார்டரே படத்தை 1080 வரிகளுக்குப் பெரிதாக்கி அனுப்பலாம். அல்லது 576 வரிகளாக அனுப்பித் தொலைக்காட்சியைப் பெரிதாக்கச் சொல்லலாம். எங்கள் வீட்டில் இரண்டாவது வழியில்தான் எழுத்துகளின் விளிம்பு சுத்தமாக இருந்தது. உங்கள் கருவிகளில் மாறாகவும் இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். கறுப்பு நிறம் சாம்பல் பூத்ததுபோல் வெளிறியோ, இருண்ட பகுதிகள் ஒரேயடியாக மூழ்கியோ தெரிந்தால், கறுப்பின் அளவைக் குறிக்கும் தேர்வு இரு கருவிகளிலும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கேபிளை மாற்றுவதால் அது சரியாகாது. 4:3 அளவில் எடுத்த திருமணப் படம் அகலத் திரையில் இழுபட்டு, எல்லோரும் பருத்துத் தெரிந்தால் அதற்கும் மெனுவில்தான் மருந்து.

புதிய தொலைக்காட்சியின் 3.5 மில்லிமீட்டர் ஏவி துளையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய ரெக்கார்டர் வைத்திருப்போர் பலர் தடுமாறும் இடம் அதுவே. அதற்குரிய பின்னில் நான்கு வளையப் பகுதிகள் உள்ளன; எந்தப் பகுதியில் படம், எந்தப் பகுதியில் ஒலி என்ற வரிசை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக இல்லை. வீடியோ கேமராவோடு வந்த கேபிள் ஒன்றைச் செருகியபோது படம் வராமல் ஒலிபெருக்கியில் உறுமல் மட்டும் கேட்டது. ரெக்கார்டரின் மஞ்சள் துளையில் சிவப்புப் பின்னை மாற்றிச் செருகியதும் படம் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு கொடுக்கும் சிறு இணைப்புக் கம்பியைப் பத்திரப்படுத்துவதே இதற்கு எளிய தீர்வு. சில தொலைக்காட்சிகளில் மஞ்சளும் காம்போனென்டின் பச்சையும் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் உள்ளீட்டுத் தேர்வு தவறியிருக்கிறது.

ஆன்டெனா துளை மட்டுமே உள்ள மிகப் பழைய தொலைக்காட்சியை வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. விஎச்எஸ் நாடாவை ஓட்டும் கருவியான விசிஆரில் ஆன்டெனா வெளியீட்டின் வழியாகவே நாடாவின் படம் வரும். டிவிடி ரெக்கார்டர்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் துளை, உள்ளே வந்த அலையை அப்படியே வெளியே கடத்துவதோடு சரி. வட்டின் படம் அதில் வராது. அதற்கென்று, படத்தை ஆன்டெனா துளை ஏற்கும் அலையாக மாற்றித் தரும் ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற தனிக் கருவியை வாங்கித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். அக்காவின் திருமண வட்டை மஞ்சள் கேபிளிலும் எச்டிஎம்ஐயிலும் அடுத்தடுத்து ஓட்டியபோது, திரைப்பட வட்டில் கண்ட பெரிய வேறுபாடு அதில் தென்படவில்லை. விஎச்எஸ் நாடாவில் கிடைமட்டத் தெளிவு ஏறக்குறைய 240 வரிகள்தான். வண்ணத்தின் தெளிவு அதைவிட மிகக் குறைவு. அதோடு, விசிஆரிலிருந்து ரெக்கார்டருக்குள் படம் வந்ததும் மஞ்சள் கம்பி வழியாகவே. உள்ளே நுழையும்போது கலந்து வந்த புள்ளிகளும் வண்ணக் கசிவும் வட்டில் நிலையாகப் பதிவாகிவிட்டன. வெளியே செல்லும் கேபிள் எவ்வளவு உயர்ந்ததாயினும் அவற்றை நீக்க இயலாது. கச்சேரிப் பதிவுக்கும் இதுவே காரணம்: எஸ்-வீடியோவில் புடவையின் மினுக்கம் அடங்கியது என்றேன் அல்லவா? அந்தப் பகுதியை மறுபடி நிறுத்திப் பார்த்தபோது, செட்-டாப் பாக்ஸிலிருந்து வரும்போதே பதிவாகிவிட்ட சிறு மினுக்கம் காம்போனென்டிலும் எச்டிஎம்ஐயிலும் எஞ்சியிருந்ததைக் கண்டேன். அடங்கியது, தொலைக்காட்சி தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டிருந்த பகுதி மட்டுமே.

ஆகவே நாடாக்களை வட்டுக்கு மாற்றும் எண்ணமுடையோர் தொலைக்காட்சிப் பக்கத்துக்குக் காட்டும் அக்கறையை உள்ளீட்டுப் பக்கத்துக்கும் காட்ட வேண்டும். ரெக்கார்டர்களில் பெரும்பாலும் கம்போசிட்டும் எஸ்-வீடியோவும்தான் உள்ளீடாக இருக்கும். எச்டிஎம்ஐ துளை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே. செட்-டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகப் பதிவு செய்யலாம் என்று நம்பிக் கேபிள் வாங்கி ஏமாந்தவர்களை நான் அறிவேன். பதிவு நிலையும் முக்கியம்: 4.7 ஜிபி வட்டில் எக்ஸ்பி நிலையில் ஒரு மணி நேரமும், எஸ்பி நிலையில் இரண்டு மணி நேரமும் அடங்கும். ஆறு மணி நேரத்தை ஒரே வட்டில் திணித்தால் தாலி கட்டும் வேளையில் அட்சதை மழை முழுவதும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எந்தக் கேபிளும் அதைச் சேர்த்துவைக்காது. இணைக்கும் வரிசை, விசிஆரிலிருந்து ரெக்கார்டருக்கும், ரெக்கார்டரிலிருந்து தொலைக்காட்சிக்கும் என்று இருக்க வேண்டும். ரெக்கார்டரை விசிஆர் வழியாகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றால், கடையில் வாங்கிய வட்டுகளில் உள்ள நகல் தடுப்பு முறை விசிஆரைக் குழப்பிப் படம் ஒளிர்ந்தும் மங்கியும் துடிக்கும்.

கேபிள் மாற்றும்போது செய்யும் ஒரு தவறு கருவியையே பாழாக்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நில இணைப்புச் சரியில்லாத வீடுகளில் இந்தக் கருவிகளின் உலோக உடலில் சிறு கசிவு மின்சாரம் இருக்கும். பின்னைத் தொட்டால் விரலில் சுருக்கென்று தெரியும். ஆர்சிஏ பின்னில் நடு ஊசிதான் முதலில் தொடும், வெளி வளையம் பிறகே சேரும். ஆகவே கருவிகள் மின்சாரத்தில் இருக்கும்போது செருகினால் அந்த வேறுபாடு முழுவதும் ஒரு கணம் உள்சுற்றின் வழியாகப் பாயலாம். இரண்டு கருவிகளின் மின்செருகிகளையும் பிடுங்கிவிட்டு, கேபிள் டிவி கம்பியையும் கழற்றிய பிறகே நான் எதையும் மாற்றுகிறேன். படத்தில் அகலமான பட்டை ஒன்று மெதுவாக மேலேறிச் சென்றால், கேபிள் டிவி கம்பியை ஒரு முறை கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும். குறை வீடியோ கேபிளில் இல்லை என்பது அப்போது புலப்படும்.

இப்போது கூடத்தில் 250 ரூபாய் எச்டிஎம்ஐ கேபிளும், அம்மாவின் அறையில் 350 ரூபாய் காம்போனென்ட் கேபிளும் நிலைபெற்றுவிட்டன. இன்னும் ஒன்பது நாடாக்கள் மீதமிருக்கின்றன. எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்-விஎச்எஸ் வகை விசிஆர் ஒன்றை நண்பர் ஒருவர் இரவல் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நாடாவில் வண்ணமும் வெளிச்சமும் தனித்தனியாகவே பதிவாகியிருப்பதால், அந்த 180 ரூபாய்க் கேபிளின் வழியாக அவை கலக்காமலேயே ரெக்கார்டருக்குள் சென்று சேரும். முதலில் சதாபிஷேக நாடாவின் தொடக்கப் பத்து நிமிடங்களை இரண்டு வழிகளிலும் பதிவு செய்து, அருகருகே ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுவதாக இருக்கிறேன்.